மேடையைத் திறந்துவைத்த முனுசாமி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிணத்துக்கு வணக்கம் போட்டேன். வேண்டுமென்று இல்லை...

அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு மூன்று மாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள், இல்லையா? வீடு மட்டும் கொடுத்தால் போதுமா, அந்த ஜனங்களுக்குக் கலை வேண்டாமா என்று யாரோ கேட்க, ஒரு கமிட்டி போட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து நான், தி.நகரிலிருந்து ஓர் ஓவியர், கூட ஓர் எஞ்சினியர். சுவரில் வரைய வேண்டியது மயிலா, தாமரையா என்று மூன்று கூட்டம் சண்டை போட்டோம். காப்பி நன்றாக இருந்தது. கடைசியில், "அவர்கள் கலையை அவர்களே வளர்க்க ஒரு மேடை கட்டுங்கள்" என்று நான் ஒரு போடு போட்டேன். கட்டியேவிட்டார்கள். கான்கிரீட் கூரை வேறு.

அதைத் திறந்துவைக்கத்தான் போயிருந்தேன். ரிப்பன், மைக் செட், மயிலாப்பூரிலிருந்து பரதநாட்டியக் கோஷ்டி — எல்லாம் தயார். அவர்கள் கலையை வளர்க்க எங்கள் ஏற்பாடு அப்படி.

மாடிப்படிக்குக் கீழே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றித் துண்டுக் கட்டு. பாவம், பல்வலியோடு விழாவுக்கு வந்திருக்கிறாரே மனுஷன் என்று நெகிழ்ந்துபோய்க் கை கூப்பினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு காலையிலயே பூட்டாரு சார்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அவர் பெயர் முனுசாமி, ரிக்ஷாக்காரர். இவள் அவர் மனைவி கன்னியம்மா. வீடு மூன்றாவது மாடியில். படி திரும்புகிற இடம் குறுகல், படுக்கவைத்துத் தூக்கிவர வழியில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கயிற்றால் கட்டி இறக்கியிருக்கிறார்கள். சரி, இனி எங்கே கிடத்துவது? முதல் நாள் மழையில் முற்றம் முழுக்கச் சேறு. காய்ந்த இடம் எங்கள் மேடை ஒன்றுதான்.

எஞ்சினியர் என் காதருகே வந்தார். "சார், விழா முடியற வரைக்கும் சைக்கிள் ஷெட்ல வெச்சுக்கச் சொல்லட்டுமா? ஒரு மணி நேரந்தானே?"

கன்னியம்மா காதில் விழுந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"ஷெட்டுலயா? முப்பது வருசம் ஊரையே ஏத்தி எறக்கினவரு சார். குடிசைல செத்திருந்தா வாசல்லயே படுக்க வெச்சிருப்பேன். தெருவே வந்து அயுதிருக்கும். இப்ப மூட்டை மாரி கட்டி எறக்கிட்டு, ஒளிச்சி வேற வெக்கணுமா?" மேடையைக் காட்டினாள். "அத்த இன்னாத்துக்கு கட்டிக்கீறீங்க?"

"கலைக்கும்மா... பாட்டு, கூத்து..."

"எங்காளுங்க பாடறதே சாவுக்குத்தான் சார்."

மூன்று கூட்டம் நடத்தினோமே — ஒருவருக்காவது இவளைக் கேட்கத் தோன்றியதா? எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை வெட்டினேன். "விழா ஆரம்பம். அவரைக் கொண்டுவந்து படுக்கவையுங்கள்" என்றேன்.

எஞ்சினியருக்கு வேர்த்துவிட்டது. நாட்டியக் கோஷ்டி சத்தமில்லாமல் டாக்சி ஏறியது. பின் பிளாக்கிலிருந்து மேளம் வந்தது. முனுசாமியின் தம்பி மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தார். வீடு கொடுத்த மகராசனுங்க, வெளியே போக வழி கொடுக்க மறந்துட்டாங்களே அண்ணே என்று அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு. எஞ்சினியர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். முனுசாமி சவாரிக்குப் பேரம் பேசுகிற அழகைப் பாடியபோது, மாரில் அடித்து அழுதுகொண்டிருந்த கன்னியம்மா சிரித்துவிட்டாள். நான் அழுதுவிட்டேன்.

முந்தாநாள் ஒரு கடிதம் வந்தது. அடுத்த குடியிருப்புக்கும் நான்தான் கலை ஆலோசகராம். சுவரில் என்ன படம் போடலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மாடியில் செத்தவர் படுத்தபடியே இறங்கலாமா என்று பதில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.