அந்தப் பதிலை எழுதியவன் நான்தான்

திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராக இருந்தேன். வாழை விவசாயிகள் லாரி பிடிப்பதற்கான ஆப் என் பொறுப்பு. ஒருமுறை பயன்படுத்தியவர்கள் மறுபடி வரவே இல்லை. மாத இறுதிக்குள் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் ஆப்பை மூடிவிடுவோம் என்றது நிர்வாகம். என்னோடு சேர்த்து ஐந்து பேரின் வேலை போய்விடும். மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பயத்தில் ஏஐ வகுப்பு, டேட்டா வகுப்பு என்று ஒன்றுவிடாமல் சேர்ந்தேன். எதிலும் விடை கிடைக்கவில்லை.

கடைசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தொட்டியம் போனேன். ஆப்பைக் கைவிட்டவர்களில் ஒருவரான செல்வி, தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க ஊர் பேர்லயே இன்னொரு ஊரும் இருக்குங்க. லாரி அங்க போயிடுச்சு. வெட்டின தாரெல்லாம் வெயில்ல கிடந்து வீணாப்போச்சு. மூணு தடவை புகார் எழுதினேன். ஊரைத் தப்பாப் போட்டது நீங்கதான்னு பதில் வந்துச்சு” என்று போனை நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். புகார் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக, முழுதாகப் படிக்காமலே நான் அனுப்பிய பதில் அது.

“எழுதினது நான்தாங்க” என்றேன்.

அவர் திட்டவில்லை. “அப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே சார்” என்றார்.

அன்றே ஊர்ப் பெயரோடு தாலுகாவையும் கேட்கும்படி மாற்றினோம். ஆனால் அதற்குள் கெடு முடிந்திருந்தது. ஆப்பை மூடினார்கள். ஐந்து பேரும் வெளியே வந்தோம்.

இப்போது நேர்காணல்களில் என்னென்ன திறமை இருக்கிறது என்று கேட்கிறார்கள். சான்றிதழ்களைக் காட்டுகிறேன். மூன்று முறை எழுதிய பெண்ணிடம் ஒருமுறைகூட நான் பேசவில்லை என்பதை மட்டும் இன்னும் அங்கே சொல்ல முடியவில்லை.