கமீலா டீச்சரின் மூன்றாம் படி

கமீலா டீச்சரின் அறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பைத்தியக் கந்தோர்’, அதாவது பைத்தியங்களின் அலுவலகம். கதவில் ‘ஆலோசனை வழிகாட்டல் பிரிவு’ என்று அழகாக எழுதித்தான் இருக்கிறது. உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, மூலையில் விளையாட்டுப் போட்டிக்குப் பாவிக்கும் கூடாரக் கம்பிகள். சாய்ந்தமருதில் எங்கள் பெண்கள் பாடசாலை கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அந்த அறையில் கடலைப் பார்த்த கிழக்கு ஜன்னலை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறேன். கொஞ்சம் வாய் நீளம். ஆலோசனை வழிகாட்டலில் டிப்ளோமா முடித்து வந்து அவர் ஆசிரியர் அறையில் ஒரு முக்கோணப் படத்தை ஒட்டியபோது முதலில் சிரித்தது நான்தான். அடிப்படியில் எல்லாப் பிள்ளைகளும். வகுப்பு வகுப்பாகப் போய் மனதைப் பற்றிக் கதைப்பது. நடுப்படியில் தடுமாறும் பிள்ளைகள்; சிறு குழுவாகக் கூட்டிவைத்துக் கதைப்பது. உச்சியில் ஓரிருவர், தனியே இருந்து கேட்பது, தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. “சத்தம் போடுற பிள்ளைய எல்லாரும் பார்ப்பாங்க. சத்தமில்லாததத்தான் நாம பார்க்கணும்” என்று எங்களுக்கும் சொல்லித் தந்தார். அதிபரோ அவரை வராத ஆசிரியர்களின் வகுப்புக்கு அனுப்பி வைப்பதிலேயே குறியாக இருந்தார். அதில் எனக்கு இன்னும் கோபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரி காலத்தில் கடல் இரையும் நாட்களில் கமீலா பாதிப் பேச்சில் நின்று திரும்பிப் பார்ப்பார். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். சுனாமியில் அவருடைய தங்கை றுகையா அவர் கையிலிருந்து நழுவிப் போனது ஊருக்கே தெரியும். அப்போது கமீலா பள்ளிக்கூடப் பிள்ளை. தேடியும் மையத்து, அவளுடைய உடல், கிடைக்கவில்லை. அவர் அழவும் இல்லை. என்ன சபூர் என்று ஊர் மெச்சியது. பொறுமைக்கு எங்களிடம் அத்தனை மதிப்பு. அழாத பிள்ளையை யாரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

சென்ற வருடம் பத்தாம் வகுப்பு அப்ராவின் உம்மா, குவைத்தில் வேலை செய்த வீட்டிலேயே மவுத்தானார். அடக்கமும் அங்கேயே. செய்தி கேட்டு வந்தவர்களுக்கு அப்ராதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த கிழமை பாடசாலைக்கு வந்துவிட்டாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவளுக்காக அழுத தோழிகளைக் கமீலா நடுப்படிக் குழுவில் சேர்த்தார். அவளைச் சேர்க்கவில்லை. காலைக் கூட்டத்தில் முன்னால் அழைத்து, “சபூர் எண்டா இந்தப் பிள்ளையப் பாருங்க” என்றார். இவ்வளவு படித்தவர் அதைச் செய்தார். படித்ததை மறந்து ஊர்க்காரியாக இருந்துதான் செய்தார்.

பிறகு அப்ரா மெல்ல மெல்ல வாயை மூடினாள். வகுப்பின் நீள வாங்கில் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். கணக்குக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். நான் போய்ச் சொன்னேன். கமீலா அன்றே அவள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

வீட்டுக்குத் தனியே போகக்கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களாம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். குசினியில் அப்ராவின் குரல் கேட்டது. போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து அன்றைய புதினங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உம்மா தினமும் வீடியோவில் வந்த நேரம் அது. திரை கறுப்பாக இருந்தது. கேள்வி கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள், பிறகு சிரித்தாள். நான் ஓரடி பின்வாங்கினேன்.

கமீலா பயப்படவில்லை. அப்ரா பதிலுக்குக் காத்திருந்த அந்த இடைவெளியில் அவரும் காது கொடுத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் நான் இன்னும் பயந்தேன்.

முற்றத்தில் வாப்பா மர்சூக் வலை தைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம் என்று கமீலா சொன்னதும் அவருடைய குரல் மாறியது.

“அந்தக் கிளினிக்குக்குப் போனா எண்ட மகள நாளைக்கு யாரு கலியாணம் முடிக்கிற? அவள் சபூரா இரிக்கிறாள். நீங்கதானே டீச்சர் எல்லாருக்கும் முன்னால சொன்ன?”

கமீலா அவர் முன்னால் குந்தி, அண்ணனை அழைப்பதுபோல ‘நானா’ என்று கூப்பிட்டுப் பேசினார்.

“ஓம் நானா, நான்தான் சொன்ன. பிழையாச் சொல்லிட்டன்.”

“பிழையா?”

“எண்ட தங்கச்சி போனப்ப என்னையும் இப்படித்தான் மெச்சின. நான் அழவே இல்ல. இப்பவும் கடல் இரைஞ்சா அவள் ‘ராத்தா’ எண்டு கூப்புடுறாள். வகுப்புக்குள்ளயும் கூப்புடுறாள். நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறன். உங்கட மகளும் இப்படி ஆகணுமா, நானா?”

மர்சூக் ஊசியைக் கீழே வைத்தார். குசினியில் பேச்சு நின்றிருந்தது. அப்ரா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளினிக் நாளில் நாங்கள் நால்வரும் போனோம். நம்பர் துண்டு எழுதும் பெண், யாருக்கு என்று கேட்டார். மர்சூக் வாய் திறக்கத் தயங்கினார். அப்ரா முன்னால் போனாள்.

“எனக்கு ஒண்டு. டீச்சருக்கும் ஒண்டு எழுதுங்க.”

கமீலா மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அன்று காலையிலிருந்தே கடல் இரைச்சல், அங்கேயும் கேட்டது. அவர் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டு போய் வாங்கில் உட்கார்ந்தார். அப்ரா அவரை ஒட்டி உட்கார்ந்தாள். இந்த முறை இடையில் இடம் விடவில்லை.