டிக் சத்தம்

பார்வையைச் சத்தமில்லாமல் தின்னும் கிளாக்கோமா நோய்க்கு லேசர் கருவிகளும் சோதனைக் கருவிகளும் செய்யும் கம்பெனியின் கல்கத்தா கிளையில் ஜெயசீலன் சர்வீஸ் இன்ஜினியர், கோபக்காரர். பார்வையைச் சோதிக்கும் கருவியைப் பழுதுபார்த்ததும், நோயாளியைப் போல அவரே உட்கார்ந்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துவார். ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே ‘டிக்’ என்று மெல்லச் சத்தம் கேட்கும். பன்னிரண்டு வருடமாக, கருவி அச்சிட்டுத் தரும் அறிக்கையில் குறையே வந்ததில்லை.

2003 துர்கா பூஜையன்று பாலிகஞ்ச் கிளினிக்குக்கு வெளியே மேளம் காதைப் பிளந்தது. பழுதுபார்த்துவிட்டு அவர் வழக்கம்போல உட்கார்ந்து சோதித்தார்; தெரியாத இடத்தைக் கறுப்பாகக் காட்டும் அறிக்கையில் பாதி கறுப்பு.

“சனியன் பிடிச்ச மெஷின்!” என்று மறுபடி கழற்றப் போனார்.

கிளினிக்கின் டாக்டர் பிரபா தானே உட்கார்ந்து சோதித்தார். அவருடைய அறிக்கை சுத்தமாக வந்தது.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். மேளத்துல உங்களுக்கு ‘டிக்’ கேக்கலை. இத்தனை வருஷமும் காதாலதான் பார்த்திருக்கீங்க.”

ஜெயசீலன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். போன மாதம் தானே பொருத்திய லேசர் கருவியின் முன்னால் போய் முகவாயை வைத்தார்.