சுற்றாத தட்டு

என் மகன் ஆசைப்பட்டதால், அப்பா விட்டுப்போன, ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பெட்டியில் சேர்ந்த ரேடியோகிராமைப் பழுதுபார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கே மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். இறுகிப்போன சுழல்தட்டின் அடியில் அவர் சூடு காட்டியதும் வெல்லம் கருகும் வாசம் எழுந்தது.

“கிரீஸ் இல்லக்கா, பாகு. யாரோ ஊத்திருக்காக.”

கட்டிலில் படுத்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, இராஜபாளையத்தில் அப்பா மில் வேலை முடிந்து வந்ததும் ஜன்னல்களைச் சாத்துவார். பிறகு ரேடியோகிராமின் மூடியைத் தூக்குவார். அது கிறீச்சிட்டதுமே தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவேன். ரேடியோ முன்பே கெட்டிருந்தது. இசைத்தட்டுதான் உரக்கப் பாடும். அம்மாவின் அலறல் அதற்குள் அமுங்கிப்போகும்.

“ஒங்க வீட்ல எந்நேரமும் பாட்டுத்தான்” என்று பக்கத்து வீட்டு அத்தை பொறாமைப்படுவாள்.

ஒருநாள் அம்மா பாகு காய்ச்சினாள். பண்டிகை எதுவும் இல்லை. எங்களுக்கும் ஒரு துளி தரவில்லை. அன்று சாயங்காலம் தட்டு அசையவில்லை. அப்பா அதை அழுத்தினார், உலுக்கினார், அம்மாவைப் பார்த்துக் கையை ஓங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமுவது தெளிவாகக் கேட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டும் இல்லை, அடியும் இல்லை.

“சுத்துதுக்கா!” என்று மெக்கானிக் முள்ளை வைக்கப் போனார். படுத்திருந்த அம்மா சட்டென்று எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“ஏட்டி, மொதல்ல ஜன்னலத் தெறந்து வையி. பொறவு பாடட்டும்.”