ரத்னாபாயின் வலது பக்கம்

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஸ்டூலைத் தன் வலது பக்கமாக இழுத்துப் போடுகிறாள் ரத்னாபாய். "இஞ்ச இரிங்க அக்கா. அந்தப் பக்கம் இருந்து சொன்னா சுவருகிட்ட சொன்ன மாதிரியாக்கும்." அவளுக்கு இடது காது கேட்காது. வருகிறவர் யாராக இருந்தாலும் புடவையை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஆளை இடம் மாற்றி உட்கார்த்திவிடுவாள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மைதீன் பாயின் ஜவுளிக்கடை. உள்ளே, மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம். அங்கே இருந்துகொண்டு புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள், ஓரம் மடிப்பாள், பிளவுசுக்கு ஹூக் வைப்பாள். மிஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல். புடவை நகராமல் இருக்க ஒரு நுனியைக் கால் பெருவிரலுக்கு இடையில் இறுக்கிக்கொள்வாள். நூலின் நிறத்தை ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யமாட்டாள். வாசல் வரை எழுந்துபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வருவாள். கரமனையிலிருந்து பஸ் பிடித்து நான் இவளிடம் வருவதற்கு இந்தப் பிடிவாதம்தான் காரணம்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. யார் வீட்டில் விசேஷம் என்று காதில் விழுந்தாலும் போய் நிற்பாள். மைதீன் பாயின் மகள் நிக்காஹுக்கு எல்லாருக்கும் முன்னால் போய் வெங்காயம் உரித்தவள் அவள். எதிர்க்கடைக்காரரின் மாமனார் இறந்ததற்கு வேலையைப் போட்டுவிட்டுப் பாறசாலை வரை போனாள். அந்த மாமனாரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "நாளைக்கி ஒரு சொல்லு வரப்பிடாது."

அந்த இடது காது, மணக்காட்டில் வாடகைக்கு இருந்தபோது போனது. கதவு திறக்கத் தாமதமாயிற்று என்று அவள் புருஷன் கொத்தனார் சத்தியதாஸ் விட்ட அறை. அதன் பிறகு அவன் விளவங்கோட்டுப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டான். போனவன் அங்கேயே இருந்திருக்கலாம். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவான். ஸ்டூலில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி நாக்கில் வந்ததையெல்லாம் பேசி, அவள் கையிலிருப்பதை வாங்கிக்கொண்டு போவான். அவனுக்கும் ஸ்டூலை வலது பக்கம்தான் போடுவாள். கெட்டினவனை இடப்பக்கம் இருத்தினால் அதற்கும் ஒரு சொல் வருமாம். ஒருமுறை மைதீன் பாய் தட்டிக்கேட்டார். "எனக்க பெண்டாட்டி. நீரு ஆரு கேக்கதுக்கு?" என்றான். புகார் சொல்லப்போன இடத்திலும் புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விவாகரத்துக் கேட்டது இதற்காகத்தான். வக்கீல் லதிகாவிடம் அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெண்ணானாலும் வக்கீல் என்றால் அவளுக்கு சார்தான். "ஜீவனாம்சம் ஒண்ணும் வேண்டாம் சாரே. சனிக்கிழம அவரு வரப்பிடாது. அது மட்டும் எழுதித் தந்தா மதி."

கல்யாணம் நடந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவன் ஊர்ச் சபையில். அங்கே கேஸ் போட்டால் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அடி உதை மட்டும் காரணமாகாது. புருஷனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்றும் நிரூபிக்க வேண்டும். கேரளத்தில் அந்த விதியை மூன்று வருஷத்துக்கு முன், தொண்ணூற்றைந்தில், ஹைக்கோர்ட் எடுத்துவிட்டது. இங்கே கொடுமையே போதும். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது திருவனந்தபுரத்தில் என்று காட்ட வேண்டும். மணக்காட்டு வாடகை வீடு அதற்குப் போதும் என்றார் லதிகா. ஒரே ஒரு சிக்கல். காது போன பிறகும் ரத்னாபாய் ஒருமுறை அவன் ஊருக்குப் போயிருக்கிறாள். சபையார் எல்லாரும் ஒன்றாகச் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடும் அசன விருந்துக்கு. அந்த வருஷம் அரிசி அவன் வீட்டு முறை. மருமகள் இல்லாமல் அரிசிப் பெட்டியை யார் தூக்குவது? விருந்துக்குப் போய்வந்தால் குடியிருந்ததாகாது, தங்கிக் குடும்பம் நடத்தினால் ஆகிவிடும்.

"விருந்துக்குப் போனேன், வந்தேன். அவ்வளவு சொன்னா மதி மோளே," என்று லதிகா நூறு தடவை படித்துக் கொடுத்தார். இவளும் நூறு தடவை தலையாட்டினாள்.

கோர்ட்டுக்கு நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கூண்டில் ஏறியதும் முதல் வேலையாக எதிர்க்கட்சி வக்கீலை, "சாரு இந்தப் பக்கம் நிக்கணும்," என்று வலது பக்கம் வரவழைத்தாள். பாவி, அந்த மனிதர் இடப்பக்கமே நின்று தொலைத்திருக்கக் கூடாதா? அவர் மலையாளத்தில் மெதுவாகத்தான் கேட்டார். விருந்துக்குப் போனாய், சரி. சாப்பிட்டுக் கை கழுவியதும் பஸ் ஏறிவிட்டாய். படுக்கையில் கிடந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தாயா?

ரத்னாபாயின் முகம் சிவந்துவிட்டது. "திண்ணுட்டு எழும்பிப் போற ஆளில்ல நான். ஒரு மாசம் நிண்ணேன். மாமிக்குக் கஞ்சி வச்சுக் குடுத்து, துணி அலக்கி, அவருக்கும் சோறு பொங்கி, ஒழுங்கா குடும்பம் நடத்தீட்டாக்கும் வந்தேன். வேணும்னா ஊரில கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். லதிகா பேனாவை மூடினார். கூண்டிலிருந்து இறங்கி வந்தவளின் முகத்தில், மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி இருந்தது.

கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது தமிழ்நாட்டில், மனுவை அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். கோர்ட் வாசலில் நான் பொரிந்து தள்ளினேன். "ஏன் வாயை விட்டே? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே."

"பின்ன? மாமியப் பாக்காதவன்னு கோர்ட்டில எழுதி வச்சா, நான் செத்தாலும் அழியுமா அக்கா?"

"அங்கே போய்ப் போட்டா வேற பெண்ணு உண்டுன்னு சொல்லணும். சொல்லுவியா?"

"அவருகிட்ட அந்தக் கொறை மட்டும் கிடையாது," என்றாள். "இல்லாதத எப்பிடி சொல்லுகது?" பிறகு, "அப்போ இனி சாவுகது வரைக்கும் சனிக்கிழமதான், இல்லியா?" என்று கேட்டாள். பஸ் வந்தது, ஏறினோம்.

அந்த வாரம் சனிக்கிழமை, கொடுத்திருந்த புடவையை வாங்கப் போயிருந்தேன். தைத்து முடியவில்லை. வலது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் சத்தியதாஸ் வந்தான். வெளுத்த வேட்டி, கேஸ் ஜெயித்த முகம். மைதீன் பாய் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடித்ததையே மறுபடி மடித்தார். நான் எழுந்து விலகி நின்றேன்.

ரத்னாபாய் ஊசியைப் புடவையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்டூலை முந்தானையால் துடைத்தாள். வழக்கமான இடத்தில் ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தூக்கிக்கொண்டுபோய்த் தன் பாயின் இடது பக்கம் போட்டு, "இரிங்க," என்றாள்.