கிட்டாருக்கு இரண்டு பொட்டு

கும்மிடிப்பூண்டியில் எனக்கு வேலை மரத்தைக் குத்துவது. ஏற்றுமதிச் சரக்குக்கு அடியில் வைக்கிற மரப் பேலட் செய்யும் யார்டில் நான் தரம் பார்ப்பவன். கையில் ஒரு ஈரமானி, அதன் மூக்கில் இரண்டு ஊசி. பலகையில் குத்தினால் உள்ளே எத்தனை சதவீதம் ஈரம் என்று எண் வரும். இருபதுக்குக் கீழே என்றால் பாஸ், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லாரி ஏறலாம். மேலே என்றால் திரும்பவும் சூளைக்குப் போக வேண்டியதுதான். முப்பது வருஷமாக இந்த இரண்டு ஊசியைத் தவிர வேறு யார் சொன்னதையும் நான் நம்பியதில்லை. திருவள்ளூரில் வீடு கட்டியபோது வாசக்காலைக் குத்தினேன். கட்டில் வந்தபோது கட்டிலைக் குத்தினேன். பூரிக்கட்டையைக்கூட விடவில்லை. எங்கள் வீட்டில் மரம் என்று எது இருந்தாலும் அதில் எங்காவது இரண்டு புள்ளி இருக்கும்.

“கல்யாணத்துக்கு முன்னாடி என்ன மட்டும் எப்படி குத்திப் பாக்காம உட்ட?” என்பாள் மனைவி.

இப்படிப்பட்டவன் கைக்குப் போன வருஷம் ஒரு கிட்டார் வந்தது. சாதாரணக் கிட்டார் இல்லை. முகம் ஸ்ப்ரூஸ் என்கிற குளிர்நாட்டு மரம். எங்கள் பைன் பலகைக்குப் பெரியப்பா மகன்தான், ஆனால் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போனவன். முதுகும் விலாவும் ஈட்டி மரம். தோளோரம் இரண்டு சின்னத் திருகு, உள்ளே ஒரு பேட்டரி. ஸ்பீக்கரில் செருகினால் மண்டபமே கேட்கும், செருகாவிட்டால் நானும் சமையலறையும் கேட்போம். கூடவே ஒரு சான்றிதழ். வெட்டுகிற மரத்துக்கு ஈடாகக் கன்று வைத்து வளர்க்கிற காட்டிலிருந்து, அளவாக எடுத்த மரம் இது என்று. எங்கள் பேலட்டுக்கு முத்திரையைக் காய்ச்சி ஒரு சூடு போடுவோம், அதோடு சரி. இதற்கோ ஜாதகமே இருந்தது. பாட்டுப் புத்தகத்தைவிட அந்த ஜாதகத்தைத்தான் நான் அதிகம் படித்தேன்.

வாங்கச் சம்மதித்தபோது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இத ஒன்னையாவது முடி.”

நான் தொடங்கிப் பாதியில் விட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நீச்சல், தெலுங்கு, மீன் தொட்டி, மொட்டை மாடிக் கத்திரிக்காய். மீன் தொட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று ஒரு பாட்டு, முதலிலிருந்து கடைசி வரை, அவ்வளவுதான் என்றாள். நானும் தலையாட்டினேன். இரண்டே நாளில் அவள் பொதட்டூர்பேட்டையில் பயிர் வைக்கிற தன் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

“அவரு கிட்டாரு வாசிக்கிறாருணா. நல்லாவே வாசிக்கிறாரு. நீயே வந்து கேளேன்.”

என்னிடம் நான் ‘நீ’. அண்ணனிடம் பேசும்போது மட்டும் ‘அவரு’. அது பழக்கம்தான். ஆனால் என்னை வைத்து அவள் அண்ணனிடம் பெருமை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை எதையும் முடிக்கிற ஆள் இல்லை என்று நிச்சயதார்த்தத்தன்றே சொன்னவர் அவர். இலையில் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேனாம்.

அன்றையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்து விரல் பழகியிருக்க வேண்டும். நானோ கிட்டாரோடு வந்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். சுற்றியுள்ள காற்றின் ஈரம் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். பெட்டிக்குள் வைக்க ஒரு குட்டி மானி வாங்கினேன். எழுபத்தெட்டு காட்டியது. மறுநாள் எண்பத்தொன்று. கண்டெய்னருக்குள் தொங்கவிடும் ஈரமுறிஞ்சிப் பைகளை யார்டில் கேட்டு வாங்கிவந்து கிட்டாரைச் சுற்றித் தொங்கவிட்டேன். பிறகு கிட்டாரை ஏசி அறையில் படுக்க வைத்தேன். அறைக் கதவை அடிக்கடி திறந்தால் ஈரம் ஏறுமே என்று நாங்கள் கூடத்துக்கு வந்தோம்.

“கிட்டாருக்கு ஏசி, எனக்கு ஃபேனா? இன்னா நியாயம் இது?”

“மரம்மே அது. ஊதிப்போவும்.”

“நானுந்தான் ஊதிக்கினு கீறேன். எனக்கு எவன் மானி வெச்சான்?”

ஒரு தந்தியைத் தொடுவேன், எழுந்து போய் எண்ணைப் பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து ஃபோன் செய்து “நம்பர் இன்னா?” என்பேன். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்து “அறுவத்தி மூனு” என்பாள். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், “ணா, கொழந்தைக்கு இன்னிக்கி ஜொரம் எவ்ளோ?” என்று கேட்க ஆரம்பித்தான். நானும் சிரிக்காமல் பதில் சொன்னேன். பாட்டில் முதல் நாலு வரி வந்திருந்தது. மொத்தம் பன்னிரண்டு வரி.

கல்யாண நாளுக்கு மூன்று நாள் இருக்கையில், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு தந்தி கரகரத்தது. சாய்த்துப் பார்த்தேன், கிட்டாரின் முகம் கொஞ்சம் உப்பியிருப்பது போலத் தெரிந்தது. நேராகப் பார்த்தேன், இல்லை. மறுபடி சாய்த்தேன், உப்பியிருந்தது. குட்டி மானி சொல்வது காற்றின் ஈரம், மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? யார்டு ஈரமானி என் பையிலேயே இருந்தது. நான் யோசிக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய்க் குத்தியது. புத்தி அடுத்த பஸ்ஸில் வந்தது.

எண் பதினொன்று. அருமையான எண். இவ்வளவு நல்ல மரத்தை வாழ்க்கையில் குத்தியதில்லை என்று ஒரு நொடி பூரித்துப்போனேன். ஊசியை எடுத்த பிறகுதான் பார்த்தேன். தேன் நிற முகத்தில், ஒலித்துளைக்குக் கீழே, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை. எங்கோ ஒரு காட்டில் பதமாக வளர்த்து, பதமாக வெட்டி, கடல் தாண்டி, ஒரு கீறல் இல்லாமல் வந்த மரம், கடைசியில் என் வீட்டுக் கூடத்தில் பேலட் ஆகிவிட்டது.

மாவை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுக் கண்ணாடியில் மனைவி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் இரண்டை எடுத்தேன். மெரூன் நிறம், சின்ன அளவு. ஒட்டினேன். அந்த மூன்று நாளும் கிட்டாரைச் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்தேன், நானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பழகினேன். ஒன்று சொல்ல வேண்டும், அதன் பிறகு ஒரு முறைகூட நான் எண்ணைப் பார்க்க எழவில்லை. இனி எது கெட்டுப்போக? மிச்ச எட்டு வரியும் அந்த மூன்று நாளில் எப்படியோ விரலில் ஏறின.

கல்யாண நாளன்று காலை அண்ணன் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். நாஷ்டா முடிந்ததும் நாற்காலியை எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் கிட்டாரை முன்பக்கம் திருப்பினேன்.

“இன்னா மாப்ள, கிட்டாருக்குப் பொட்டு வெச்சிகீற?”

மனைவி பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்த என் பையையும் பார்த்தாள்.

“இன்னாணா நீ. புதுசா வண்டி வாங்கினா வெக்கிறோம், ஃபிரிட்ஜு வாங்கினா வெக்கிறோம். இதுக்கு வெக்க மாட்டமா?”

“அதுக்கு சந்தனம் குங்குமம்ல வெப்போம்.”

“மரத்துல கறை புடிக்கும்ணா. அவரு எல்லாத்தையும் பாத்துதான் செய்வாரு.”

அந்த ‘அவரு’ எனக்கு எங்கோ குத்தியது. வாசிக்க ஆரம்பித்தேன். பழைய சினிமாப் பாட்டு, விரலுக்கு மூன்றே பிடி, பிள்ளைகள்கூட வாசிக்கும். ஏழாவது வரியில் விரல் நின்றது. அடுத்தது எங்கே என்று தெரியவில்லை. அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். பாயசம் அவர் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போய் ஏசி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று காலெல்லாம் பரபரத்தது.

“ம், அப்பறம்?” என்றாள் மனைவி, கதை கேட்கிற மாதிரி.

அப்புறம் எட்டாவது வரி வந்தது. பன்னிரண்டாவதும் வந்தது, கொஞ்சம் வழி தவறி. கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கியது.

“முடிஞ்சிச்சா?” என்றார் அண்ணன்.

“முடிஞ்சிச்சிணா,” என்றாள் அவள், எனக்கு முந்திக்கொண்டு.

“பரவால்ல மாப்ள,” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்பதால் நான் அதையே பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர் பஸ் ஏறிய பிறகு, மனைவி கிட்டாரை மடியில் படுக்க வைத்து, நகத்தால் ஒரு பொட்டை மெல்ல உரித்தாள். இரண்டாவதையும் உரித்தாள். குனிந்து பார்த்தாள். வாசக்காலில், கட்டிலில், பூரிக்கட்டையில் பார்த்த அதே இரண்டு புள்ளி. திட்டுக்காகக் காத்திருந்தேன்.

“நம்பர் எவ்ளோ காட்டிச்சி?”

“பதினொன்னு.”

“பாஸா?”

“பாஸு.”

பொட்டை மறுபடி அதே இடத்தில் வைத்து விரலால் அழுத்தினாள். ஒரு பொட்டு பசை போய்ச் சரியாக ஒட்டவில்லை. கண்ணாடியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வந்தாள்.

“அப்ப அடுத்த பாட்டு எப்ப?”

நான் எழுந்து போய் ஏசி ஓடுகிறதா என்று பார்த்தேன்.