தாத்தா மெடலைத் தேச்ச கதை

எங்க தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல சண்டைக்குப் போனவர். சொன்னா றக்வான தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. "மெடலை எங்கயாவது பொறுக்கியிருப்பாரு"ன்னு சிரிப்பாங்க. சாட்சிக்கு அவர் விட்டுட்டுப் போன மெடல் ஒண்ணுதான் இருக்கு.

பழைய மெடல்களைப் பத்தி இன்டர்நெட்ல எழுதுற ஒருத்தருக்கு மெயில் போட்டேன். "விளிம்புல பேரும் நம்பரும் வெட்டியிருப்பாங்க, அதை அனுப்புங்க"ன்னு பதில் வந்துச்சு.

என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. இன்னைக்கு இரத்தினபுரியில கடை வச்சு மாணிக்கக்கல் பார்க்குற முஸ்லிம் நானா ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். லென்ஸ் வச்சு சுத்திச் சுத்திப் பார்த்தாரு.

"எழுத்து இருந்த தடம் இருக்கு தம்பி. வாசிக்கத்தான் ஏலாது. என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?"

புளியும் செங்கல் தூளும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட சேர்த்து மெடலையும் அப்பா பளபளன்னு தேச்சு சாமி முன்னால வைப்பாரு.

கடை வாசல்ல நின்னே அப்பாவுக்கு ஃபோன் கோல் எடுத்துக் கத்தினேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு சொல்றாரு: "சரி, பத்திரமா கொண்டு வா. நாளைக்கு பூஜை, அதை இன்னும் தேய்க்கல."

வரும்போது புளியும் வாங்கிட்டு வரணுமாம். வாங்கவா வேணாமா, நீங்களே சொல்லுங்க.